மூன்று மாதம் எங்கே போயிற்று?
படம் எடுக்கப் பழகிய ஒரு மாணவியின் அனுபவம்



உங்கள் மகனோ மகளோ பிளஸ் டூ முடித்த கையோடு, "நான் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கப் போறேன், படம் எடுக்கக் கத்துக்கப் போறேன்" என்று ஒருநாள் வந்து நிற்கலாம். அல்லது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ கேமராவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கேட்கலாம். இரண்டில் எது நடந்தாலும், கீழே சொல்லப்படும் விஷயம் உங்களுக்கு உதவும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

நான் சிறுவனாக இருந்த 1970-களின் கடைசியில் எங்கள் ஊருக்கு அரசாங்கப் பட வண்டி வரும். இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஜெனரேட்டர் தடதடவென்று ஓடும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தாலும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். 16 மில்லிமீட்டர் பிலிம் 400 அடிச் சுருள் ஒன்று ஓட 11 நிமிடம் ஆகும். நொடிக்கு 24 படம் வீதம் ஓடுவதால்தான் நம் கண்ணுக்கு அது அசைவாகத் தெரிகிறது. 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்களும் அப்படி வரும். அந்தப் படங்களில் விவசாயி வருவார், தாய் வருவார், குழந்தை வரும். ஆனால் எங்கள் ஊர் முகம் ஒன்றுகூட வராது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ல் தொலைக்காட்சி தொடங்கிய பிறகும் நம்மைப் பற்றிப் பேசியவர்கள் எங்கோ இருந்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளையே கேமராவைப் பிடிக்கிறது. சந்தோஷமான சங்கதிதான். ஆனால் இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பக்கத்து ஒன்றியத்தில் விவசாயக் கூலி வேலை செய்யும் தம்பதியின் மகள் அந்த மாணவி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இரண்டாம் ஆண்டில் அவர்களுக்குச் செய்தி தயாரிக்கும் பயிற்சி. விஷயத்தை அவர்களே தேடிப் பிடித்து, படம் எடுத்து, பேட்டி கண்டு, வெட்டி ஒட்டி, ஒன்றரை நிமிடச் செய்தியாகக் கொடுக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் என்பது எவ்வளவு தெரியுமா? அடுப்பில் வைத்த பால் பொங்கக்கூடக் காணாது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம். குடும்பநல ஆபரேஷனுக்கு ஏன் எப்போதும் பெண்ணே போகிறாள், ஆண் ஏன் வருவதில்லை? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 சதவீதம்தான். இந்தக் கணக்கைச் சொல்லி, "ஏன் சார் இப்படி?" என்று என்னிடம் பேட்டி எடுக்க வந்தாள்.

துணை சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசினேன். நான் சொன்னது இதுதான்: "ஆம்பளைக்கு இது சின்ன சிகிச்சை. கத்தி வச்சுக் கிழிக்கிறதில்லை, தையல் இல்லை. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனா மூணு மாசம் கட்டாயம் நிரோத் போடணும். மூணு மாசம் கழிச்சு விந்துப் பரிசோதனை செஞ்சு, உயிரணு இல்லைன்னு டாக்டர் சொல்லணும். அதுக்கப்புறம் கவலையே இல்லை."

செய்தி தயாராகி, கல்லூரியில் போட்டுக் காட்டி, பாராட்டும் வாங்கினாள். ஊர்க்காரர்களின் போனுக்கும் அனுப்பிவைத்தாள். பத்து நாள் கழித்து எங்கள் கிராம சுகாதார செவிலியர் எனக்குப் போன் செய்தார். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமே ஆன ஒருவர் வீட்டுக்கு அவர் போயிருக்கிறார். நிரோத் கொடுத்தால் அவர் சிரிக்கிறாராம். "அதெல்லாம் வேணாம்மா. சாரே போன்ல சொல்லிட்டாரே!"

நான் என்ன சொன்னேன் என்று பார்க்க அந்தச் செய்தியைப் போட்டுப் பார்த்தேன். என் முகம், என் குரல். "கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்." உடனே திரையில் சுவரில் வரைந்த சிவப்பு முக்கோணம். என் குரல் மட்டும் தொடர்கிறது: "அதுக்கப்புறம் கவலையே இல்லை." மறுபடி என் முகம்.

மூன்று மாதம் எங்கே போயிற்று?

ஒரு வார்த்தை பொய் இல்லை. எல்லாம் நான் பேசியதுதான். நடுவில் இருந்த இரண்டு வாக்கியம் எடுக்கப்பட்டதும் மிச்சமிருந்த உண்மை பொய்யாகிவிட்டது. பேசுகிறவர் முகத்தில் வெட்டினால் தலை திடுக்கென்று குதிக்கும். அது தெரியாமல் இருக்க வேறொரு காட்சியை மேலே போட்டு மூடுவார்கள். கையைக் காட்டுவார்கள், மரத்தைக் காட்டுவார்கள், பெயர்ப் பலகையைக் காட்டுவார்கள். தவறான வேலை அல்ல, தினமும் எல்லாச் செய்தியிலும் நடப்பதுதான். இனி தொலைக்காட்சியில் ஒருவர் பேசும்போது சட்டென்று அவர் கையைக் காட்டினால், அங்கே ஏதோ எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவள் அழவில்லை, கணக்குச் சொன்னாள். "சார், ஒன்றரை நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. நீங்க மூணு மாசம்னு சொல்ற இடத்துல பின்னாடி மாவு மில்லு ஓட ஆரம்பிச்சிருச்சு. சரியாக் கேக்கலை. கேக்காததைத்தானே எடுக்கணும்னு எடுத்துட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். மில் ஓடியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சத்தம் வந்ததும் நிறுத்தி, "மில்லு நிக்கட்டும் பாப்பா, மறுபடி சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. வெளியிடும் முன் ஒருமுறை காட்டு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆதலால் பாதித் தவறு என்னுடையது.

மூன்று மாதம் ஏன்?

இதை நம் ஆண்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். மோட்டாரை நிறுத்திவிட்டீர்கள். உடனே வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடுகிறதா? குழாயில் ஏற்கெனவே நின்ற தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கிறது? அது போலத்தான். விந்துக்குழாயை அடைத்த பிறகும், அடைப்புக்கு அப்பால் முன்பே போய்ச் சேர்ந்த உயிரணுக்கள் இருக்கும். அவை தீர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். தீர்ந்துவிட்டதா என்பது பரிசோதனையில்தான் தெரியும். அதுவரை கரு உண்டாக வாய்ப்பு இருக்கிறது.

கரு உண்டானால் என்ன நடக்கும்? அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பணியின் தொடக்க காலத்தில் ஒரு குடும்பம். கணவன் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாவது மாதம் மனைவி முழுகாமல் இருந்தாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையில் அவள் சேலையை எடுத்து வைத்து, பஸ் ஏற்றித் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நாங்கள் விஷயம் தெரிந்து போய், அவனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்து, அவனுக்கு உயிரணு இன்னும் இருக்கிறது என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்து, மறுபடி சேர்த்து வைக்கப் பல வாரம் ஆயிற்று. இந்த ஊர்வாய் இருக்கிறதே, அதற்குள் அது பேசாத பேச்சில்லை. மூன்று மாதம் என்ற இரண்டு சொல்லை அந்த மனிதனிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இதைக் கேட்ட மாணவி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மூணாம் வருஷம் குறும்படம் எடுக்கணும் சார். இதை எடுக்கட்டுமா?" என்றாள்.

எட்டு நிமிடப் படம்

அந்தக் குடும்பத்தாரிடம் போய் அனுமதி கேட்டோம். இன்று அவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்கள். "எங்க ஊரு, எங்க சாதி, எங்க தொழிலு எதுவும் தெரியக் கூடாது" என்றார் அந்த அம்மாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அப்படியே எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். நடிப்பதற்கு வேறு ஊரில் ஒரு தம்பதியைப் பிடித்தாள்.

படப்பிடிப்பு மூன்று நாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். முதல்நாள் எடுத்ததில் பாதி வீண். ஒரு காட்சியில் கணவன் கையில் டம்ளர் நிறையக் காபி. அடுத்த காட்சியில் பாதி. அதற்கடுத்ததில் மறுபடி நிறைந்துவிட்டது! இன்னொன்று: கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி. கேமராவை இருவருக்கும் ஒரே பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். இவள் மனைவியை எடுக்க அந்தப் பக்கம் போய்விட்டாள். திரையில் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், கோபித்துக்கொண்டு சுவரோடு பேசுவது போல. "சில வீட்டுல நெசமாவே அப்படித்தான் சார்" என்றாள். சிரித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் முக்கியம். விஷயம் தெரிந்து கணவன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். மனைவி, "நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க, என்னை நம்புங்க" என்று காலைப் பிடித்து அழ வேண்டும் என்று எழுதியிருந்தாள். நடிக்க வந்த அக்காவோ வசனத்தைக் கேட்டுவிட்டு வாயே திறக்கவில்லை. கணவர் குறுக்கே வந்து, "அவளுக்கு என்ன தெரியும் பாப்பா, என்கிட்ட கேளு, நான் சொல்லிக் குடுக்கறேன்" என்றார். (இந்த வழக்கம் நம் ஆண்களை விட்டு எப்போது போகுமோ!) மாணவி தன்மையாக, "அண்ணே, நீங்க கொஞ்சம் இருங்க. அக்கா சொல்லட்டும்" என்றாள்.

அந்த அக்கா சொன்னார்: "இப்படி யாரு கண்ணு பேசுவா? தப்பு பண்ணாதவ எதுக்குக் காலைப் பிடிக்கணும்? நானா இருந்தா பேசவே மாட்டேன். சோத்தைப் போட்டு முன்னாடி வச்சுட்டு உள்ள போயிருவேன்."

அதையே எடுத்தாள். சோறு வைக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், அப்புறம் கணவன் முன்னால் ஆறிப்போகும் சோறு. வசனம் இல்லை. சமையலறையில் ஆளில்லாமல் வெறும் அமைதியைக்கூட அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொண்டாள். வெட்டி ஒட்டும்போது இடையில் ஓசை அறுந்து போகாமல் இட்டு நிரப்ப அது வேண்டுமாம். மில் தந்த பாடம் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் எடுத்ததை எட்டு நிமிடமாக்க இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் இப்படிப்பைக் கேட்டால், "சினிமாக்காரனாகி ஊரைச் சுத்தப் போறியா" என்று விரட்டாதீர்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, செய்தி என்று தனித்தனித் தொழில்கள் இதில் இருக்கின்றன. சென்னை தரமணியில் அரசே நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் நேரில் போய், ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர், எடிட்டிங் கம்ப்யூட்டர் எத்தனை என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கேமரா வாங்கித் தர வேண்டியதில்லை. இவள் முதலாண்டுப் பயிற்சிகளைப் போனிலேயே செய்தாள். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றுதான் காசு கொடுத்து வாங்கினாள்.

கேமரா உங்கள் வாசலுக்கு வந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எதற்கு எடுக்கிறீர்கள்? எங்கே காட்டுவீர்கள்? போனில் அனுப்புவீர்களா? வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுவீர்களா? தாளில் கையெழுத்துக் கேட்டால் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பேசும்போது ஒரு வாக்கியம் மிக முக்கியம் என்று தோன்றினால், அதைத் தனியாக, முழுதாக, இரண்டு முறை சொல்லுங்கள். மனைவியிடம் கேட்ட கேள்விக்கு மனைவியே பதில் சொல்லட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது எடுக்க வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரோ முகமோ வீடோ தெரியும்படி செய்தி வெளியிடுவது 2012-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒருமுறை போனில் போனது திரும்பி வராது.

அந்தப் பழைய செய்தியையும் மாணவி விடவில்லை. மில் ஓடாத மதியத்தில் வந்து என்னை மறுபடி பேச வைத்து, மூன்று மாதத்தைச் சேர்த்து, முன்பு அனுப்பிய அத்தனை பேருக்கும் அனுப்பினாள். இப்போது அது பத்து நொடி கூடுதல். நிரோத் வேண்டாம் என்று சிரித்தவர் வீட்டுக்கு நானும் செவிலியரும் போய் நேரில் சொன்னோம். அவர் மனைவிதான் கை நீட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

குறும்படம் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். நிரோத்தும் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். விந்துப் பரிசோதனைக்கு எந்த நாள், எங்கே வர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படம் பார்க்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சோறு வைக்கும் இடத்தில் சத்தம் மெல்லத்தான் கேட்கும்.