காணாக்கடி விடாமல் படுத்துகிறதா?

காணாக்கடி 6 வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தால் அது நாள்பட்ட வகை. கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி உடம்பை வாட்டிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானோருக்கு உணவு இதற்குக் காரணமே அல்ல. தொட்டால் ஒட்டுவதும் இல்லை, பிள்ளையைத் தயங்காமல் தூக்குங்கள்.

அரிப்பு கிளம்பியதும் நகத்தைக் கொண்டுபோகாமல், பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தடித்த இடத்தில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். (குளிர் பட்டாலே தடிப்பவர்களுக்கு இது ஆகாது.) வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கூட்டும். பாவாடை நாடா, இடுப்பு எலாஸ்டிக் இறுக்கும் இடத்தில் சிலருக்குத் தடிப்பு வரிவரியாக எழும், தளர்த்திக் கட்டுங்கள்.

செட்டிரிசின், ஃபெக்சோஃபெனாடின் போன்ற மாத்திரைகளை அரிக்கும்போது மட்டும் போடுவதைவிட, மருத்துவர் சொன்னபடி தினமும் போட்டால் நன்றாக அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. தலைவலி, உடம்புவலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு இவையே தடிப்பைக் கிளப்பிவிடும்.

ஒரே தடிப்பு 24 மணி நேரம் கடந்தும் மறையாமல் கன்றி நின்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.