பல்கலைக்கழகக் கல்விக்குச் சிக்கனமாகக் கணினி அமைத்தல்

உதிரிப்பாகங்களை வாங்கிக் கணினியை வீட்டிலேயே பொருத்த விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் பணம் செலுத்துமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

முதலாவது, தேவை. கட்டுரை எழுதுதல், இணைய ஆய்வு, எளிய நிரலாக்கம் ஆகியவற்றுக்குத் தனியான கிராஃபிக்ஸ் அட்டை வேண்டியதில்லை. ஆயினும் அட்டையைத் தவிர்ப்போர் அவ்வசதி உள்ளடங்கிய செயலியையே தெரிவுசெய்தல் வேண்டும். இன்டெல் டெஸ்க்டாப் செயலியின் பெயர் ‘எஃப்’ என முடிந்தால் அதில் அவ்வசதி இல்லை. திரையில் எதுவும் தோன்றாது.

இரண்டாவது, பொருத்தம். செயலியும் மதர்போர்டும் ஒரே சாக்கெட் வகையினவாக இருத்தல் வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைக்கு டிடிஆர்4 நினைவகமும், ஏஎம்5 வகைக்கு டிடிஆர்5 நினைவகமுமே பொருந்தும். 16 ஜிபி நினைவகமும் 500 ஜிபி எஸ்எஸ்டியும் பெரும்பாலான பாடநெறிகளுக்குப் போதுமானவை. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அது பழுதானால் ஏனைய பாகங்களும் சேதமடையக்கூடும்.

மூன்றாவது, உரிமை. ஐக்கிய இராச்சியத்தின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பொருள் பழுதுடையதாயின் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுத்தொகையையும் பெறலாம். அதன் பின்னர், முதலில் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ மட்டுமே கோரலாம். மாதத்துக்கு ஒன்றாகப் பாகங்களைச் சேர்ப்போர், சோதித்துப் பார்க்குமுன்னரே அவ்வுரிமையை இழக்க நேரிடும். ஆகவே பணத்தைச் சேமித்து, அனைத்தையும் ஒருங்கே வாங்கி, உடனே பொருத்திச் சோதியுங்கள், பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.