சீரகச் சம்பாவின் வயசு தெரிந்து தண்ணீர் ஊற்றுங்கள்

தை பிறந்து புது நெல் அரவைக்குப் போனதும் திண்டுக்கல் வீடுகளில் ஒரு புகார் கிளம்பும். போன மாதம் வரை உதிரி உதிரியாக வந்த பிரியாணி இப்போது குழைகிறது. கறிக்கடை மாறவில்லை, மசாலா மாறவில்லை, அடுப்பும் பாத்திரமும் அதேதான். மாறியது அரிசியின் வயசு. மண்டியில் பழைய சரக்கு தீர்ந்து புதுசு இறங்கியிருக்கும். சமைப்பவர் பழைய கணக்கிலேயே தண்ணீர் ஊற்றியிருப்பார்.

1957-இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்தான் பின்னாளில் தலப்பாக்கட்டி என்று பேர் பெற்றது. அந்தப் பேரோடு சேர்ந்தே சீரகச் சம்பாவும் ஊர் ஊராகப் போனது. பாசுமதியின் நீளம் இதற்குக் கிடையாது. பொடி அரிசி, மசாலாவை நன்றாக இழுக்கும். அதனாலேயே தண்ணீர் கால் டம்ளர் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அறுவடைக்குப் பிறகும் அரிசிக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அதிலுள்ள கொழுப்பு மெல்லச் சிதைந்து, அப்படி உண்டாகும் அமிலங்கள் மாவுச்சத்தோடு பிணைகின்றன. புரதங்களும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. இறுகிய அரிசி வேகும்போது மாவைத் தண்ணீரில் விடுவதில்லை. ஆனால் தண்ணீரை அதிகம் குடிக்கும், நன்றாக உப்பும், ஒட்டாது. முதல் மூன்று நான்கு மாதங்களில்தான் இந்த மாற்றம் வேகமாக நடக்கும், பிறகு நிதானம்தான்.

வெப்பம் இதை முடுக்கிவிடும். அதற்குத் திண்டுக்கல் சமவெளியின் சூடே போதும். இதே மாவட்டத்தின் கொடைக்கானலில் வைத்த மூட்டை முதிர இன்னும் பல மாதம் பிடிக்கும்.

வாங்கும்போது பச்சரிசியாகவே வாங்குங்கள். எந்த மாதத்து அறுவடை என்று கேளுங்கள். "பழசுதான்" என்ற பதில் பதிலே அல்ல. பாரம்பரியச் சீரகச் சம்பாவா, வைகை அணை வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வி.ஜி.டி 1 ரகமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே அளவு தண்ணீர் குடிக்கும் என்று எண்ண வேண்டாம். புதுசையும் பழசையும் கலந்த சரக்கு கைக்கு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பாதி குழையும்போது மறுபாதி விறைத்து நிற்கும். அதைக் காப்பாற்ற எந்த மாஸ்டராலும் முடியாது.

வைக்கும் முறை எளிது. ஈரமில்லாத எவர்சில்வர் டிரம், இறுக்கமான மூடி, வண்டுக்கு நாலைந்து வசம்புத் துண்டு. அறுவடை மாதத்தை எழுதி ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வண்டு விழுந்ததென்று அரிசியை உச்சி வெயிலில் பரப்புவது. ஈரம் சட்டென்று இறங்கி மணியில் விரிசல் விடும். கழுவும்போதே பாதி நொய்யாகிவிடும். நிழலில் உலர்த்திப் புடைத்தால் போதும்.

இனித்தான் எல்லாரும் தடுக்கி விழும் இடம்.

"ஒன்றுக்கு ஒன்றரை" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்களே, அது ஆறு மாதத்து அரிசிக்கான கணக்கு. தை, மாசியில் வரும் புது அரிசிக்கு ஒரு டம்ளருக்கு ஒன்றேகால் டம்ளர் போதும். ஆடி தாண்டினால் ஒன்றரை. வருஷம் நிறைந்த அரிசி ஒன்றேமுக்கால் வரை கேட்கும். ஊற வைப்பதிலும் இதே கணக்குதான்: புதுசுக்குப் பத்து நிமிடம், பழசுக்கு அரை மணி நேரம். ஊறியபின் தண்ணீரைச் சொட்டில்லாமல் வடித்துவிட வேண்டும். பாதி வடித்த அரிசியை வைத்துக்கொண்டு தண்ணீர் அளப்பதில் அர்த்தமே இல்லை.

இந்த அளவுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விருந்துக்கு முந்தின நாள் மாலை ஒரு டீ டம்ளர் அரிசியை, மேலே சொன்ன கணக்கில் தண்ணீரும் உப்பும் சேர்த்து, மூடி போட்டுச் சிறு தீயில் வேக வையுங்கள். அணைத்தபின் பத்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு ஒரு மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி நின்றால் மறுநாள் டம்ளருக்கு அரைக்கால் டம்ளர் கூட்டுங்கள். மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதே அளவு குறையுங்கள். அரை மணி நேர வேலை இது. மூன்று கிலோ கறியைப் போட்டுச் சமைக்கப் போகிறவர்கள் இதைச் சோம்பலால் விடுவது பெரிய தப்பு.

அடுத்த சறுக்கல், கறி விட்ட தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதது. கறி, தயிர், தக்காளி மூன்றும் சேர்ந்து நிறையவே நீர் விட்டிருக்கும். கறி வெந்ததும் அந்தச் சாற்றை வடித்து, அரிசி அளந்த அதே டம்ளரால் அளங்கள். ஆடியில் நான்கு டம்ளர் அரிசி போடுகிறீர்கள் என்றால் மொத்தத் தேவை ஆறு. சாறு இரண்டரை டம்ளர் இருந்தால் வெந்நீர் மூன்றரைதான் ஊற்ற வேண்டும். கண்ணால் பார்த்து ஊற்றுவது தினமும் இரண்டு அண்டா இறக்கும் மாஸ்டருக்குச் சரி. மாதம் ஒருமுறை செய்பவருக்கு டம்ளர்தான் துணை.

கொதித்து, தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் தம் போடுங்கள். இருபது நிமிடம் திறக்கக் கூடாது. புது அரிசியாக இருந்தால் கரண்டியை உள்ளே விடவே வேண்டாம்.

புது அரிசியை நெய்யில் புரட்டினால் பழசாகிவிடும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஆகாது. மேலே எண்ணெய்ப் பூச்சு ஏறுவதால் ஒட்டுவது குறையும். உள்ளே இறுக்கம் வராது. அவசரத்துக்குச் செய்யலாம், தண்ணீரை மட்டும் புது அரிசிக் கணக்கிலேயே வையுங்கள்.

எவ்வளவு காலம் வைக்கலாம்? ஆறு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் சீரகச் சம்பாவுக்கு உச்சம். இத்தாலியில் அக்வெரெல்லோ நிறுவனம் கார்னரோலி நெல்லை ஓராண்டாவது முதிர வைத்துத்தான் விற்கிறது. ஏழாண்டுச் சரக்குகூட அவர்களிடம் உண்டு. அதைப் பார்த்து நம் அரிசியையும் பூட்டி வைக்க வேண்டாம். அவர்கள் அதை நெல்லாக வைக்கிறார்கள், நாம் தீட்டிய அரிசியாக வைக்கிறோம். சீரகச் சம்பாவின் வாசனைக்குக் காரணமான பொருள், ரம்பை இலையில் இருப்பதேதான். அது மாதத்துக்கு மாதம் ஆவியாகிக் குறைகிறது. அரிசியில் உதிரித்தன்மை ஏறிக்கொண்டே போகும்போது மணம் இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒருசேர நிற்பது அந்த ஆறு மாத காலத்தில்தான்.

ஒன்றரை வருஷம் தாண்டிய டிரம்மைத் திறந்ததும் சிக்கெடுத்த எண்ணெய் வாடை வந்தால், அந்த அரிசியைப் பிரியாணிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாடை இல்லையென்றால் எலுமிச்சைச் சாதத்துக்கும் புளியோதரைக்கும் நன்றாக உதிரும். டிரம்மைக் கழுவி இரண்டு நாள் நிழலில் காய வைத்து, அடுத்த தையில் வரும் மூட்டைக்கு வையுங்கள்.