காந்த ஆய்வில் மென் எக்ஸ் கதிர்கள்

புனே நகரின் தேசிய இரசாயன ஆய்வகத்திலும் பல்கலைக்கழகத்திலும் காந்தப் பொருள்கள் ஆராயப்படுகின்றன. கோபால்ட் ஃபெரைட்டின் மொத்தக் காந்தத்தன்மையைச் சாதாரணக் கருவிகள் அளந்துவிடும். அதில் இரும்பின் பங்கு எது, கோபால்ட்டின் பங்கு எது என்பதை அவை பிரித்துக் கூறா.

வட்டத் தளவிளைவுற்ற மென் எக்ஸ் கதிர்கள் இக்குறையைப் போக்குகின்றன. இரும்பு சுமார் 707, கோபால்ட் சுமார் 778 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இக்கதிரை மிகுதியாக உட்கவர்கின்றன. வலஞ்சுழிக் கதிரையும் இடஞ்சுழிக் கதிரையும் உட்கவரும் அளவில் தோன்றும் வேறுபாட்டைக் கொண்டு, அந்தந்தத் தனிமத்தின் காந்தத்தன்மை கணக்கிடப்படுகிறது.

2005இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்தூர் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இக்கதிரை அளிக்கிறது. எலெக்ட்ரான் பாதைத் தளத்திற்குச் சற்று மேலோ கீழோ வெளிப்படும் ஒளியைப் பிரித்தெடுத்தால் வேண்டிய சுழற்சி கிட்டும். இத்தகைய பெரும்பொறியை நகர்தோறும் நிறுவ இயலாது. எனவே, புனே போன்ற நகரங்களின் ஆய்வாளர்கள் அதனைப் பகிர்ந்து பயன்படுத்துவதே ஏற்ற வழியாகும்.