டிஸ்க் பிரேக் அவசியமா?

கேள்வி: பந்தய சைக்கிள்களில் இப்போது டிஸ்க் பிரேக்தான் அதிகம் வருகிறது. பழைய ரிம் பிரேக்கைவிட அது மேலானதா?

பதில்: மழையில் மேலானதுதான். ரிம் பிரேக்கின் கட்டைகள் நனைந்த விளிம்பைத் துடைத்த பிறகே பிடிக்கும். டிஸ்க் சட்டென்று பிடிக்கும். நீண்ட மலையிறக்கத்தில் கார்பன் ரிம் சூடேறிக் கெடும் அபாயமும் இல்லை. அகலமான டயரும் போடலாம்.

குறைகளும் உண்டு. சைக்கிளின் எடை கூடும். ஹைட்ராலிக் குழாயில் காற்றுப் புகுந்தால் பழுதுபார்க்கத் தனிக் கருவிகள் வேண்டும். ரோட்டர் எனப்படும் டிஸ்க் தட்டு சற்றே வளைந்தாலும் பிரேக் கட்டையில் உரசும்.

பந்தயங்களில் இரண்டு வகையும் வென்றிருக்கின்றன. 2017 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மார்செல் கிட்டல் என்ற வீரர் டிஸ்க் பிரேக்குடன் ஒரு கட்டத்தை வென்றார். ஆனால் அதே பந்தயத்தில் 2019இல் ஈகன் பெர்னால் என்ற வீரர் பட்டம் வென்றது ரிம் பிரேக்கில்தான்.

புதிதாக வாங்குபவர், மழையிலும் மலையிலும் ஓட்டுவதானால் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கலாம். சமவெளியில் ஓட்டுபவர் நல்ல ரிம் பிரேக் சைக்கிளை மாற்ற வேண்டியதில்லை.