கழிவுநீர்க் குழாயும் மரத்தின் வேரும்

காவிரிப் பாசன நாட்டில் கொல்லையில்லாத வீடு அரிது. மரமில்லாத கொல்லை அதனினும் அரிது. தென்னையும் முருங்கையும் பூவரசும் வேம்பும் தலைமுறை தலைமுறையாக அங்கு நின்று நமக்குப் பயன் தருகின்றன. இன்று அதே கொல்லையில் கழிவுநீர்க் குழாயும் இடம் பெற்றுவிட்டது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தால் சிற்றூர்களில் கழிவறைகள் பெருகின. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தால் வீட்டுக் குழாய்நீர் பெருகியது. நீர்வரவு மிகுந்தால் கழிவுநீரும் மிகுவது இயற்கை. இந்நிலையில், 'வேர் குழாயை அடைத்துவிட்டது. மரத்தை வெட்டுங்கள்' என்ற பேச்சு எழுகிறது. மரம் அடுத்த வீட்டாருடையதாயின் அது வழக்காகவும் முற்றுகிறது. கோடரியை எடுக்குமுன் காரணத்தை ஆராய்தல் நலம்.

வேர் நுழையும் வழி

வேர் தொலைவிலிருந்து நீரை மோப்பம் பிடித்து வருவதில்லை. ஈரமும் காற்றும் சத்தும் உள்ள மண்ணில் அது விரைந்து வளரும். வறண்ட மண்ணில் தயங்கும். இறுக்கமாக இணைக்கப்பெற்ற குழாயின் அருகே வேர் வந்தாலும் பக்கமாகக் கடந்து சென்றுவிடும். இணைப்பில் கசிவு இருந்தாலோ சுற்றியுள்ள மண் எப்பொழுதும் ஈரமாக இருக்கும். அங்குத் திரளும் மயிர்போன்ற வேர்களுள் ஒன்று இடுக்கில் நுழைகிறது. உள்ளே நீரும் சத்தும் குறைவின்றிக் கிடைப்பதால் அது சடைபோல் படர்ந்து, எண்ணெய்ப் பிசுக்கையும் துணிக்கந்தலையும் தடுத்து நிறுத்துகிறது. பிறகு குழாய் அடைபடுகிறது.

ஆகவே, வேர் நுழைந்த இடம் முன்பே கசிந்துகொண்டிருந்த இடம் என்று கொள்ளலாம். மரத்தை வெட்டினால் வேர் மடியும், கசிவு நில்லாது.

நம் மண்ணின் இயல்பு

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி முதலிய பகுதிகளின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது உழவர் அறிந்ததே. இவ்வாறு ஆண்டுதோறும் மண் அசைவதால், அதில் புதைந்த குழாயும் சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து இணைப்பு விலகுகிறது. ஆறுகளும் வாய்க்கால்களும் வறண்டிருக்கும் அக்காலத்தில், கொல்லையில் ஈரமுள்ள இடம் பெரும்பாலும் கசியும் குழாயின் அடியே. வேர் அங்குச் சேர்வதில் வியப்பென்ன?

சுட்ட மண்குழாய் தஞ்சைக்குப் புதிதன்று. சேவப்ப நாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்திற்கு நிலத்தடிக் குழாய்வழி நீர் கொண்டுசென்ற பழைய ஏற்பாடு 'ஜலசூத்திரம்' என வழங்கப்பெறுகிறது. மண்குழாய்த் துண்டுகள் குட்டையானவை. எனவே இணைப்புகள் பல. வேருக்கு வாயில்களும் பல. நீண்ட பி.வி.சி. குழாயில் இணைப்புகள் குறைவு. எனினும் பசையிடாமல் செருகிவைத்தால் அதிலும் வேர் நுழையும்.

கசிவினால் வரும் கேடு

கசிவைப் புறக்கணிப்பது அடைப்பைவிடப் பெருந்தீங்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் நிலத்தடி நீர் மிக மேலே ஏறும். அப்பொழுது கசிந்த மலநீர் ஆழமற்ற கிணற்றிலும் அடிபம்பிலும் கலந்து, வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை, டைபாய்டு ஆகிய நோய்களைப் பரப்பக்கூடும். கழிவறைக் குழியும் குடிநீர் ஊற்றும் 10 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் இருத்தல் வேண்டும்.

கண்டறிவதும் சீர்செய்வதும்

நீர் மெதுவாக இறங்குதல், 'களக் களக்' என்ற ஒலி, கோடையில் கொல்லை வறண்டிருக்கக் குழாய் வழியில் மட்டும் அறுகு பசுமையாயிருத்தல் ஆகிய மூன்றும் அறிகுறிகள்.

1. 'சேம்பர்' எனக் கொத்தனார் கூறும் தொட்டியின் மூடியைத் திறந்து மூங்கில் பிளாச்சைச் செலுத்துக. அது தடைபடும் நீளத்தை அளந்தால் வேர் உள்ள இடம் விளங்கும்.

2. வேரை அறுத்து வெளியே இழுத்தல் தற்காலிக உதவியே. இணைப்பைத் திருத்தாவிடில் வேர் மீண்டும் வளரும்.

3. அவ்விடத்தைத் தோண்டிப் பழுதான துண்டை மாற்றுக. அடியில் மணல் பரப்பி, 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வீதம் சாய்வு கொடுத்து, இணைப்பைத் துடைத்துப் பசையிட்டு இறுக்குக. திரும்பும் இடந்தோறும் ஒரு சேம்பர் அமைக்க.

4. அடிமரத்தை ஒட்டிய பருத்த வேர்களை அறுத்தல் ஆகாது. அவையே மரத்தின் பிடிமானம். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. ஒருபக்க வேர் இழந்த மரம் அடுத்த புயலில் வீட்டின்மீதே விழக்கூடும். அத்தகைய இடத்தில் குழாயை வேறு வழியில் திருப்புவதே அறிவுடைமை.

5. மயில்துத்தம் கொட்டினால் வேர் கருகும் என்பர். அது கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். குளத்தைச் சேர்ந்தால் மீன்களுக்கும் கேடு. உப்பு மண்ணைக் கெடுக்கும். இவற்றைத் தவிர்க்க.

6. செப்டிக் தொட்டிக்குள் எவரையும் இறக்காதீர். நச்சுவாயு நொடியில் உயிரைப் போக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

எங்கே எதை நடுவது?

தென்னையின் வேர்கள் ஆலமர வேரைப்போல் பருப்பதில்லை. அவற்றுள் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து சுமார் 2 மீட்டருக்குள் அடங்கும். எனவே தென்னைக்கும் குழாய்க்கும் 10 அடி இடைவெளி விடுதல் நன்று. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் வேர்கள் நெடுந்தூரம் ஓடிப் பருத்துக் குழாயை நெரிக்கும். அவற்றின் நிழலில் குழாய் பதிக்கலாகாது. குளியலறை, சமையலறை நீர் செல்லும் பக்கத்தில் வாழையும் கல்வாழையும் வைத்தல் சிறந்தது. கழிவுநீரை வாழைக்குப் பாய்ச்சும் வழக்கம் நம் முன்னோரிடமிருந்து வந்ததே.

ஊரார் செய்யவேண்டியது

இவ்வேலைக்கு ஏற்ற காலம் கோடை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து நாள் மாறுவதும் உண்டு. வாய்க்காலில் நீர் வந்தபின் தோண்டிய குழியில் ஊற்றெடுக்கும். ஆகவே மே 1 கிராம சபையிலேயே இதனைப் பேசி, கசியும் குழாய்களைக் கணக்கெடுத்து, புதுக்கழிவறை கட்டுமுன் மரமும் குழாயும் கிணறும் எங்கெங்கே என்பதைக் கோடிட்டுப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துதல் வேண்டும். அயலார் மரத்தைப் பற்றிய பிணக்கு வந்தால், முதலில் குழாயின் இணைப்பைத் தோண்டிப் பார்க்கச் செய்க. இணைப்பைத் திருத்த ஒரு நாள் போதும். வெட்டிய மரத்தைத் திரும்ப வளர்க்க ஒரு தலைமுறை வேண்டும்.