மூன்று வருட ஒப்பந்தம், முப்பது நாள் ஆயுள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் யூனிட் ஒருவர் பேரில் இருக்கும், அதை ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். முதலாளி வெளியூரில் இருப்பார். மண் வாங்குவது, அச்சு பார்ப்பது, சூளை ஏற்றுவது, ஆட்களுக்குச் சம்பளம் போடுவது எல்லாம் நிர்வாகம் பார்ப்பவர் தலையில். அப்படி ஒரு ஃபியூஸ் கேரியர் யூனிட்டை நானும் ஓட்டினேன். மாதம் ஒரு தொகை, லோடு ஏறும் சரக்கின் மதிப்பில் ஒரு சதவீதம், காலம் மூன்று வருடம் என்று பேச்சு. பாதிக் காலம்கூட ஆகவில்லை. பல மாதக் கட்டணத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு, "இனிமே மாப்பிள்ளை பாத்துக்குவாருண்ணே, நீங்க நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை சரியில்லை என்று நிறுத்தியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். நான் எடுத்தபோது சூளைக் கதவை அவசரப்பட்டுத் திறந்து சரக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். 573 டிகிரியைத் தாண்டி ஆறும்போது குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நல்ல சரக்கைத் தட்டினால் கணீர் என்று கேட்கும், விரிசல் விட்டது டொக் என்று கேட்கும். டொக் சத்தத்தை நிறுத்தியது நான்தான். லாபம் வர ஆரம்பித்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு செராமிக் மேல் ஆசை வந்தது.

பாக்கியை வட்டியோடு வாங்கினேன். மீதிக் காலத்துக்கான பணம் போனது போனதுதான். அதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு வரி.

ஒப்பந்தத்தை எழுத ஏற்பாடு செய்தது முதலாளி தரப்பு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் வைத்து எழுதுபவரிடம் கொடுத்தார்கள். அவர் தன்னிடம் இருந்த கடை வாடகைப் பத்திரத்தை எடுத்துப் பெயரையும் தொகையையும் மாற்றிவிட்டார். ஓரிடத்தில் என்னை 'வாடகைதாரர்' என்றே விட்டுவைத்திருந்தார். அது சிரித்துவிட்டுப் போகிற பிழை. சிரிக்க முடியாதது அடுத்த வரி: இரு தரப்பில் எவரும் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கடையைக் காலி செய்ய அது போதும். மூன்று வருடம் ஓட்டித் தூக்கி நிறுத்த வேண்டிய யூனிட்டுக்கு அந்த வரி எதற்கு? அவர்கள் கொடுத்த கூலிக்கு அவர்களுக்குச் சாதகமான வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வரி இல்லாதிருந்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி மீதிக் காலத்து இழப்பீட்டுக்கு வழக்குப் போட்டிருக்கலாம். வக்கீல் ஒரு பழைய தீர்ப்பை எடுத்துக் காட்டினார். இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸில் இருந்த ஒரு கேஸ் ஏஜென்சிக்கும் நடந்த வழக்கு. 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முப்பது நாள் முன்னறிவிப்பில் முடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், ரத்து செய்தது தவறே என்றாலும் அந்த முப்பது நாள் வருமானம்தான் இழப்பீடு என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சேர வேண்டியதும் அவ்வளவுதான் என்றார் வக்கீல். வழக்குப் போடவில்லை.

ஆகவே மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வருடம் எந்தத் தரப்பும் காரணம் இல்லாமல் முடிக்கக் கூடாது. முடித்தால் இத்தனை மாதக் கட்டணம் தர வேண்டும் என்று நியாயமான தொகையாகக் குறிப்பிட வேண்டும்; மிகையாகப் போட்டால் 74-ஆம் பிரிவைக் காட்டிக் குறைத்துவிடுவார்கள். சதவீதத்தை லோடு ஏறும் சரக்குக்குப் பேசாமல் சூளையிலிருந்து இறங்கும் சரக்குக்குப் பேசுங்கள். நான் சுட்டு அடுக்கிய சரக்கு மாப்பிள்ளை கணக்கில் லோடு ஏறியது.

இனி பாக்கி வந்த கதை. வேலையை எடுப்பதற்கு முன்பே குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை என் பெயரில் செய்திருந்தேன். "ஒத்த ஆளுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பேசிய கெடு எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதக் கூட்டு வட்டி. 2024 முழுக்க அந்த விகிதம் 6.75, மூன்று மடங்கு 20.25 சதவீதம். சமாதான் இணையதளத்தில் மனுப் போட்டேன். மனுவை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் தீர்ப்புச் சொன்ன பின் அவர்கள் எதிர்க்க வேண்டுமானால் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது தெரிந்ததும் பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார்கள். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அந்தக் கேள்வியை 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றே பதிவு செய்யுங்கள். காசு கிடையாது.

அவர்களை இறக்கிய இன்னொன்று வருமான வரி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி-யில் ஒரு புதுப் பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. என் கட்டணத்தில் டிடிஎஸ் பிடித்ததாக என் வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தில் இருந்தது. பிடித்தவர்கள் "கட்டணமே கிடையாது" என்று எப்படிச் சொல்வார்கள்?

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதாமாதம் பில், கையெழுத்து வாங்கிய லோடு சீட்டு, ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். "லோடு போகட்டும்ணே, மொத்தமா போட்டுவிடுறேன்" என்ற வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். மூன்று வருடக் காலவரம்பைத் தாண்ட விடாதீர்கள்.

என் கணக்கு சரியில்லை என்று பேட்டையில் இன்னும் பேசுகிறார்களாம். கணக்கு சரியில்லாதவனுக்கு யாராவது வட்டியோடு கொடுப்பார்களா? ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பு எழுத விடாதீர்கள். எழுதிவிட்டால், கையெழுத்துப் போடும் முன் முன்னறிவிப்பு வரியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். அதில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ, அத்தனை நாளுக்குத்தான் உங்கள் ஒப்பந்தம்.